குலைக்காம்பில் ஒரு குறி

"வெள்ளம் வடியிற வரைக்கும் சேத்துல வெறுங்காலோட இறங்காதீங்கன்னு டாக்டர் சொல்றாரு. சேறு என்ன பாம்பா?" குளுவாங் ஒட்டுக்கடையில் தே தாரேக்கை ஆற்றிக்கொண்டே அண்ணன் கேட்டார். செம்பனையில் முப்பது வருஷம் குலை வெட்டியவர். இனிப்பு நீரும் உண்டு.

சேற்றில் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் கிருமி இருக்கிறது. 1911-ல் ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசாமியும் கண்டுபிடித்தது. நோய்க்கு விட்மோர் பெயர் ஒட்டிக்கொண்டது. கிருஷ்ணசாமியை மறந்துவிட்டார்கள், வழக்கம்போல.

"அண்ணே, வெட்டின குலையோட காம்புல என்ன எழுதுவீங்க?"

"என் நம்பரு."

"எழுதினா குலை மாறுமா?"

"குலை அதேதான். கணக்குதான் மாறும்."

நம் உடம்பிலும் அதே கதைதான். கிருமியை விழுங்கும் வெள்ளணுவுக்குள் என்எஃப்-கப்பா-பி என்றொரு புரதம் எப்போதும் தயாராக இருக்கும். காய்ச்சலையும் வீக்கத்தையும் கிளப்பும் மரபணுக்களை முடுக்குவது அதன் வேலை. ஆனால் ஐ-கப்பா-பி என்ற காவலாளி அதைக் கட்டிப்பிடித்து நிற்கிறான். கிருமியின் மேலோடு தட்டுப்பட்டதும் ஒரு நொதி காவலாளியின் மேல் இரண்டு இடத்தில் பாஸ்பேட் குறி போடும். அந்தக் குறியைப் பார்த்து வேறு நொதிகள் யுபிகுட்டினைச் சங்கிலியாகக் கோத்துவிடும். வெறும் 76 அமினோ அமிலம் கொண்ட குட்டிப் புரதம் அது. சங்கிலி விழுந்த காவலாளி நேரே செல்லுக்குள் புரதம் அரைக்கும் ஆலைக்குப் போய் அரைபடுவான். என்எஃப்-கப்பா-பி உட்கருவுக்குள் ஓடும். புதுப் புரதம் செய்யக் காத்திருக்க வேண்டாம், சில நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும்.

"நம்பரை யாராச்சும் அழிச்சுட்டா?"

நான் சொல்ல வந்ததே அதுதான். அழிக்கும் ஆள் நம்மிடமே உண்டு: ஏ20 என்ற நொதி. அது இல்லாத எலிக்குட்டிகள் அடங்காத அழற்சியிலேயே செத்துப்போகின்றன. ஆனால் சேற்றுக் கிருமி தன் சொந்த அழிப்பானைக் கொண்டுவருகிறது. டிஎஸ்எஸ்எம் என்று பெயர். 2010-ல், பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர் ஆய்வாளர்கள் காட்டினார்கள்: அது காவலாளி மேலிருக்கும் யுபிகுட்டினைக் கழற்றிவிடுகிறது. காவலாளி பிழைக்கிறான், அபாயமணி அடிப்பதில்லை.

அண்ணன் சிரித்தார். "என் நம்பரை அழிச்சுட்டு தன் நம்பரை எழுதினவனை நான் பார்த்திருக்கேன்."

இனிப்பு நீர்க்காரர்களின் வெள்ளணுக்கள் ஏற்கெனவே மந்தம். இந்த நோய் அவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. காலில் ஒரு கீறல் போதும்.

"ரப்பர் பூட்ஸ் வாங்கிட்டேன்ப்பா," என்றார். "கதவு மூலையில புதுசாவே கெடக்கு."