ஆறு நாளில் ஐந்து ஆட்டம்: சுவானி, 1899

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பற்றிப் படிக்க ஆரம்பித்தால் 1899-ஆம் ஆண்டு சுவானி அணியின் கதை எப்படியும் கண்ணில் படும். பெரும்பாலும் வீர சாகசமாகவே சொல்வார்கள். எனக்கென்னவோ அதில் இருக்கிற கணக்குதான் சுவாரசியமாகப் படுகிறது.

முதலில் ஒரு விளக்கம். இது நமக்குத் தெரிந்த கால்பந்து இல்லை. பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு, மறிக்கிறவர்களை மோதித் தள்ளி, எதிரணியின் எல்லையைத் தாண்ட வேண்டும். தாண்டினால் அன்றைய விதிப்படி 5 புள்ளி. மூன்று முயற்சிக்குள் 5 கஜமாவது முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தை முன்பக்கமாக எறியக்கூடாது. அதனால் ஆட்டம் முழுக்க நெரிசலும் மோதலும்தான்.

சுவானி என்பது டென்னசி மாநிலத்தில் ஒரு மலைமேல் இருக்கும் சின்ன ஊர். அங்கே 1857-இல் தொடங்கிய சிறிய பல்கலைக்கழகம் ஒன்று உண்டு. 1899-இல் அதன் அணிக்கு மேனேஜர் லூக் லீ என்ற மாணவர், வயது இருபதுதான். (பின்னாளில் இவர் அமெரிக்க செனட்டர் ஆனார்.) டிக்கெட் வசூலை எப்படிப் பிரிப்பது என்பதில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோடு தகராறு வந்து அந்த ஆட்டம் நின்றுபோனது. சீசனிலேயே நல்ல வசூல் தருகிற ஆட்டம் அதுதான்! பணத்துக்கு வழி?

லீ போட்ட திட்டம் இது: ஒரே ரயில் பயணம், வழியெல்லாம் ஆட்டம். நவம்பர் 9 ஆஸ்டினில் டெக்சஸை 12-0. மறுநாள் ஹூஸ்டனில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை 10-0. அதற்கு மறுநாள் நியூ ஆர்லியன்ஸில் டுலேனை 23-0. ஞாயிறு ஓய்வு. திங்கள் பேட்டன் ரூஜில் எல்.எஸ்.யூ.வை 34-0. செவ்வாய் மெம்ஃபிஸில் மிசிசிப்பியை 12-0. ஆக மொத்தம் 91-0, பயணம் சுமார் 2,500 மைல். ராத்திரி ரயிலில் தூக்கம், விடிந்தால் ஆட்டம்.

சீசன் முழுக்க 12 ஆட்டம், 12 வெற்றி. அடித்தது 322 புள்ளி, கொடுத்தது 10. அந்தப் பத்தையும் எடுத்தது ஆபர்ன் அணி மட்டுமே. அதன் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். இன்று சிறந்த கல்லூரி வீரருக்குக் கொடுக்கும் விருது இவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் சுவானி 11-10 என்று தப்பிப் பிழைத்தது.

சரி, சின்னக் கல்லூரியால் இது எப்படி முடிந்தது? மன உறுதி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் விதியையும் கொஞ்சம் பாருங்கள். ஆட்டத்திலிருந்து வெளியே போனவர் திரும்ப வர முடியாது. தாக்குவதும் தடுப்பதும் அதே 11 பேர். எதிரணியில் எத்தனை நூறு மாணவர்கள் இருந்தாலும் களத்தில் நிற்பது 11 பேர்தானே? நல்ல ஆட்கள் பதினைந்து பேர் கிடைத்தால் போதும். தெற்கத்திப் பெரிய பல்கலைக்கழகங்களும் அப்போதுதான் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டிருந்தன.

பிறகு அரசுப் பல்கலைக்கழகங்கள் வளர்ந்தன. பெரிய மைதானங்கள் வந்தன, முழுநேரப் பயிற்சியாளர்கள் வந்தார்கள். 1932-இல் எஸ்.ஈ.சி. என்ற லீக் உருவானபோது அதைத் தொடங்கிய 13 உறுப்பினர்களில் சுவானியும் ஒன்று. மற்ற பன்னிரண்டில் ஏழு அணிகள் 1899-இல் சுவானியிடம் தோற்றவை! ஆனால் அந்த லீக்கில் சுவானி ஆடிய 37 ஆட்டத்திலும் தோல்வி. ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. 1940-இல் விலகிவிட்டது.

பல பேர் இதை வீழ்ச்சி என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மலைமேல் இருந்த மாணவர்கள் அதே மாதிரி மாணவர்கள்தான். சுற்றியிருந்த ஆட்டம்தான் வேறு தொழிலாக மாறிவிட்டது. சுவானி இன்றும் ஆடுகிறது, விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுக்காத மூன்றாம் பிரிவில். அங்கே ஆடுகிறவர்கள் படிக்க வந்த பிள்ளைகள். 1899-இல் அந்த ரயிலில் போனவர்களும் அப்படித்தான்.