சுவிட்ச் பெட்டியில் யார் முந்திச் செல்வது?



மருத்துவமனைக்குக் கட்டில் வேண்டும், தொட்டில் வேண்டும் என்றால் எல்லாருக்கும் புரிகிறது. நெட்வொர்க் சுவிட்ச் வேண்டும் என்றால், "அது கடையில் மலிவாகக் கிடைக்கிறதே, பல மடங்கு விலையில் எதற்கு?" என்ற கேள்வி வருகிறது. நியாயமான கேள்விதான். காணிக்கைப் பணத்துக்குக் கணக்குக் கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. ஆகையால் சற்று விபரமாகவே எழுதுகிறேன்.

இது விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல. கம்ப்யூட்டர், டெலிபோன், எக்ஸ்ரே, ஸ்கேன் இயந்திரம் ஆகியவற்றின் கம்பிகளெல்லாம் வந்து சேரும் பெட்டி. செய்திகள் சிறு சிறு பொட்டலங்களாக வரும்; எது எந்தக் கம்பியில் போகவேண்டும் என்று பார்த்து அனுப்புவது இதன் வேலை. மலிவான பெட்டியும் இதைச் செய்யும். ஆனால் "இதை முதலில் அனுப்பு, அதை அங்கே விடாதே" என்று நாம் அதற்குச் சொல்லிவைக்க வழியில்லை.

அதனால் என்ன நஷ்டம்? சி.டி. ஸ்கேனில் ஒரு படம் ஏறக்குறைய அரை மெகாபைட். ஒரு நோயாளிக்கு 300 படம் என்றால் 150 மெகாபைட். வினாடிக்கு 100 மெகாபிட் செல்லும் கம்பியில் இது போய்ச்சேரக் குறைந்தது 12 வினாடி பிடிக்கும். அதே நேரத்தில் அதே கம்பி வழியாக வார்டு நர்ஸ் டாக்டரை டெலிபோனில் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு பெரும்பாலும் வினாடிக்கு 50 சிறு பொட்டலங்களாகப் போகிறது. ஸ்கேன் படம் இரண்டு வினாடி பிந்தினால் ஒருவருக்கும் கேடில்லை. பேச்சுப் பொட்டலம் பிந்தினாலோ பிரயோஜனமே இல்லை. எதிர்முனை டெலிபோன் அதை எறிந்துவிடும். மருந்தின் அளவைச் சொல்லும்போது ஒரு எண் விழுந்துபோனால் என்ன ஆகும் என்று நான் விளக்கவேண்டியதில்லை.

வெளிநோயாளர் பிரிவில் டோக்கன்படிதான் கூப்பிடுகிறோம். பாம்பு கடித்தவரைத் தூக்கிக்கொண்டு வந்தால் யாரும் டோக்கன் கேட்பதில்லை. கட்டுப்படுத்தக்கூடிய சுவிட்ச் செய்வதும் இதுதான். 1998-ல் வந்த தரவிதிப்படி ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் 0 முதல் 7 வரை ஓர் எண்ணை எழுதலாம். பேச்சுக்கு வழக்கமாக 5. இதில் ஒரு வேடிக்கை: எண் எழுதாத சாதாரணப் பொட்டலம் 0, ஆனால் 1 அதைவிடத் தாழ்ந்தது! இரவில் ஓடும் பிரதி எடுப்பு போன்ற, அவசரமில்லாத வேலைக்கென்று ஒதுக்கியது அது.

எப்போதும் மேல் எண்ணுக்கே வழிவிட்டால் கீழே இருப்பவர் பட்டினிதான். ஆகவே ஒவ்வொரு வரிசைக்கும் இத்தனை பங்கு என்று பிரித்துக்கொடுக்கும் வசதியும் உண்டு. ஒன்றை மறக்கவேண்டாம்: முன்னுரிமை கொடுப்பதால் ரோடு அகலமாகிவிடாது. நெரிசல் நேரத்தில்தான் அதற்கு வேலை.

இரண்டாவது வசதி, வழி பிரிப்பது. அமெரிக்காவில் போஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் 2002 நவம்பரில் நடந்ததை மருத்துவப் பத்திரிகைகளே எழுதின. ஓர் ஆராய்ச்சியாளர் பரீட்சித்த மென்பொருள் ஏராளமான தகவலை வலைப்பின்னலில் கொட்டியது. நடுவிலிருந்த சுவிட்ச் திணறியது. மற்றவை அதன் வேலையை ஏற்க முயல, செய்திகள் முடிவின்றிச் சுற்றத் தொடங்கின. சுமார் நான்கு நாள் தாளும் பேனாவுமாக, ஆள் மூலம் சீட்டு அனுப்பி மருத்துவமனையை நடத்தினார்கள். வலைப்பின்னல் சுவரில்லாத ஒரே கூடம்போல வளர்ந்திருந்ததால், ஒரு மூலையில் எழுந்த வெள்ளம் எங்கும் பரவிற்று.

கட்டுப்படுத்தக்கூடிய சுவிட்ச் ஒரே பெட்டிக்குள்ளேயே தனித்தனி அறைகளை உண்டாக்கும்: அலுவலகம் ஒன்று, ஸ்கேன் ஒன்று, டெலிபோன் ஒன்று, விருந்தினர் வைஃபை ஒன்று. உயர்ரகப் பெட்டியானால் அறைக்கு அறை வாசல் வைத்து, யார் எதன் வழியாகப் போகலாம் என்றும் தானே தீர்மானிக்கும். இதற்குத்தான் கூடுதல் விலை. இது வீண்செலவல்ல என்பதே என் எண்ணம்.

ஆனால் வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. எந்தக் கம்ப்யூட்டரும் தன் பொட்டலத்தின்மேல் தானே 7 என்று எழுதிக்கொள்ளலாம். அழைக்காமலே முதல் பந்தியில் உட்காருகிறவர்கள் எங்கும் உண்டல்லவா? டெலிபோன் எழுதும் எண்ணை நம்பு, மற்றதை அழித்து 0 போடு என்று பொறியாளர் சுவிட்சுக்குச் சொல்லிவைக்கவேண்டும். பிறகு ஸ்கேன் படங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே வார்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போட்டு, பேச்சு தெளிவாகக் கேட்கிறதா என்று பார்க்கவேண்டும்.