கைநாட்டும் பட்டமும்

"பட்டம் பெற்றிருக்கிறாயா? எந்தக் கல்லூரி? எத்தனை ஆண்டு?" துணி வெட்டத் தெரிந்தவனைப் பார்த்து உலகம் இன்று கேட்கும் கேள்வி இது. நன்றாக வெட்டுகிறாயா, உடுத்தியவர் உடம்பிலே அது ஒழுங்காக அமைகிறதா என்பதல்ல கேள்வி! சுவரிலே மாட்டத்தக்க சான்றிதழ் உண்டா என்பதுதான் கேள்வி. உண்டு என்றால் அவர் ஆடை வடிவமைப்பாளர், பேஷன் டிசைனர், வருக வருக என்று வரவேற்பு! இல்லை என்றால் அவன் தையற்காரன், மூலையிலே உட்கார், காஜா எடு! ஒரே கத்தரி, ஒரே துணி, ஒரே கை. 'அவர்' ஆவதும் 'அவன்' ஆவதும் ஒரு காகிதத் துண்டினாலே!

இதற்கு எதிர்க் கட்சியும் ஒன்று உண்டு. "படிப்பெல்லாம் எதற்கய்யா? கலை என்பது கருவிலே வருவது, கல்லூரியிலே வருமா?" என்று கையை வீசிப் பேசுகிற கட்சி. பேசுகிறவர்களைச் சற்றே உற்றுப் பாருங்கள், தோழர்களே! தந்தை வைத்த பணம் இருக்கும். மாமன் வைத்த கடை இருக்கும். பத்திரிகை ஆசிரியர் வீட்டு விருந்திலே நாற்காலி இருக்கும். மாடி ஏறி முடித்தவர், ஏணி எதற்கு என்று கேட்கிறார்! கீழே நிற்பவன் அந்தப் பேச்சை நம்பினால், கீழேயே நிற்பான்.

இந்த இரண்டு கட்சியிலும் நாம் சேருவதாக இல்லை. ஊசி பிடித்தவர்களின் வரலாற்றையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்போம். உலகத்துப் பேஷனுக்கெல்லாம் தலைநகர் நாங்கள்தான் என்று தட்டிப் பேசுகிற பாரிசிலும் இலண்டனிலும் நடந்தவற்றையே எடுத்துக்கொள்வோம்.

மதலேன் வியோனே என்றொரு பெண்மணி. 1876இல் பிரெஞ்சு நாட்டிலே எளிய குடும்பத்திலே பிறந்தவர். பள்ளியிலே கணக்கில் கெட்டிக்காரி. தொடர்ந்து படிக்க வைத்திருந்தால் ஆசிரியை ஆகியிருப்பார் என்கிறார்கள். படிக்க வைக்க யார் இருந்தார்கள்? பத்துப் பன்னிரண்டு வயதிலேயே தையற்கடையிலே வேலை பழக அனுப்பப்பட்டார். இளமையிலே மணம்; பெற்ற குழந்தை இறந்தது; மணவாழ்வும் முறிந்தது. இலண்டனுக்குப் போய் அங்கும் ஊசிதான். பாரிசுக்குத் திரும்பி, காலோ சகோதரிகள் நடத்திய கடையிலே மாதிரித் துணி வெட்டும் வேலை. இப்படி இருபது ஆண்டுகளுக்கு மேல் பிறர் கடைகளிலே உழைத்த பிறகு, 1912இல்தான் சொந்தக் கடை திறந்தார்.

என்ன செய்தார் இந்தப் பெண்மணி? தறி தெரிந்த தோழர்களுக்கு எளிதிலே விளங்கும். துணியிலே நீளவாட்டில் ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடு. பாவோடு சேர்த்து இழுத்தால் துணி அசையாது. ஊடோடு இழுத்தாலும் அப்படித்தான். மூலைவாட்டிலே இழுத்துப் பாருங்கள், இழைந்து கொடுக்கும்! நம் ஊர்த் தையற்கடையிலே 'கிராஸ்' என்று சொல்வது இதைத்தான். கழுத்துப் பட்டிக்கும் ஓரத்துக்கும் கிராஸ் வெட்டுவது முன்பே இருந்தது. முழு உடையையும் கிராசிலே வெட்டி, துணி உடம்பைத் தழுவி விழும்படி செய்து, அதையே ஒரு கலையாக வளர்த்தவர் வியோனே. திமிங்கில எலும்பு வைத்த கச்சிலே இடுப்பை இறுக்கி, மூச்சு முட்டிக் கிடந்த சீமாட்டிகளுக்கு, கச்சே இல்லாமல் உடுக்கத்தக்க உடை கிடைத்தது.

காகிதத்திலே அழகழகாகப் படம் வரைந்து அவர் தொடங்கவில்லை. சிறியதொரு மரப் பொம்மையை முன்னே வைத்துக்கொண்டு, அதன்மேல் துணியைச் சுற்றி, குத்தி, வெட்டி, பிரித்து, மீண்டும் சுற்றித்தான் வடிவம் கண்டார். பள்ளியிலே விட்ட கணக்கைத் துணியிலே போட்டார்!

இனி நாம் சொல்லப் போவதைக் கவனமாகக் கேட்க வேண்டுகிறோம். அவர் உடைகளைத் திருடி நகல் எடுக்கிற கூட்டம் பெருகிற்று. அதைத் தடுக்க அவர் கண்ட வழி, கடையிலிருந்து போகும் உடையிலே தைக்கும் பெயர்த் துணியில் தம் கட்டைவிரல் ரேகையைப் பதிப்பது! ஆம் தோழர்களே, கைநாட்டு! எழுதப் படிக்கத் தெரியாதவனை இழித்துச் சொல்ல நாம் வைத்திருக்கும் சொல் அல்லவா அது? அதே கைநாட்டுதான் பாரிசிலே, இது அசல், இதை வெட்டியது இன்னார் என்பதற்கு அடையாளம் ஆயிற்று.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சுமார் 1,200 பேர் வேலை செய்த அந்தக் கடையிலே உணவுக் கூடம் இருந்தது; மருத்துவ வசதி இருந்தது; பிள்ளை பெற்ற பெண்ணுக்கு விடுப்பு இருந்தது; சம்பளத்தோடு விடுமுறை இருந்தது. பிரெஞ்சு அரசு சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்குச் சட்டம் போட்டது 1936இல். அதற்கு முன்பே கொடுத்த முதலாளி இவர். நாற்காலியின் முதுகு வலியை அறிந்தவருக்கு அது சட்டப் புத்தகம் பார்த்துத்தானா தெரிய வேண்டும்?

"அப்படியானால் கல்லூரி வேண்டாம் என்பதுதானே முடிவு?" என்று எதிர்க் கட்சிக்காரர் துள்ளி எழுவார். உட்காருமய்யா! பயிற்சி இல்லாமலா வந்தார் வியோனே? இருபது ஆண்டுக்கு மேற்பட்ட பயிற்சி! எந்தக் கல்லூரியிலே இவ்வளவு நீண்ட பாடம் உண்டு? ஸ்பெயின் நாட்டு மீனவர் வீட்டிலே, தைத்துப் பிழைத்த தாய்க்கு 1895இல் பிறந்த பாலென்சியாகாவும் இப்படியே. தாயிடம் ஊசி, பிறகு தையற்காரரிடம் தொழில், அதற்குப் பிறகுதான் பாரிஸ். வெட்டவும் தைக்கவும் தாமே அறிந்த அவர் பள்ளிக்குப் போகவில்லை என்று சொல்லலாம். கற்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

சரி, வேறொருவரையும் பார்ப்போம். கிறிஸ்டியன் டியோர். 1947இல் தம் முதல் உடை வரிசையைக் காட்டி, உலகத்து மாதர் பாவாடையையெல்லாம் மீண்டும் அகலமாக்கியவர். இவரும் ஆடைக் கல்லூரி மாணவர் அல்ல. ஆனால் இவர் தந்தை உரத் தொழில் முதலாளி. அரசியல் படிப்பு படித்தார். ஓவியக் கூடம் நடத்தினார். குடும்பத்துச் செல்வம் சரிந்த பிறகு உடைப் படங்கள் வரைந்து விற்றார். கடை திறக்க முதல் போட்டவர் துணி ஆலை அதிபர் மார்செல் பூசாக். இவர் கோடு போடுவார். அந்தக் கோட்டைத் துணியாக்கிக் கொடுத்தவர் பட்டறைத் தலைவியாக இருந்த மார்கரித் கார்ரே. டியோர் என்ற பெயரை உலகம் அறியும். கார்ரே என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் இதற்கு முன் கேட்டிருக்கிறீர்கள்?

பாரிஸ் பட்டறைகளிலே ஊசி பிடிக்கும் பெண்களுக்குச் 'சின்னக் கைகள்' என்று பெயர். என்ன செல்லமான பெயர்! செல்லப் பெயர் சூட்டினால் சம்பளம் கூட்ட வேண்டாம் போலும்! அந்தச் சின்னக் கைகள் 1917ஆம் ஆண்டு மே மாதம், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, கடைகளை விட்டுத் தெருவுக்கு வந்தன. சனிக்கிழமை பிற்பகல் ஓய்வு வேண்டும், சம்பளத்தைப் பிடிக்காதே என்று பாட்டுப் பாடிக்கொண்டு ஊர்வலம் போயின. அடுத்த மாதமே சட்டம் வந்தது. அந்தப் பெண்களிலே எத்தனை வியோனேக்கள் இருந்தார்களோ, யார் கண்டது? கணக்கெடுத்தவர் இல்லை, பட்டம் கொடுத்தவரும் இல்லை.

இப்போது இலண்டனுக்கு வருவோம். கல்லூரிக்காகப் பேச வரும் சாட்சி அங்கேதான் இருக்கிறார். சாமானியமான சாட்சி அல்ல!

அலெக்சாண்டர் மெக்குவீன். 1969இல் பிறந்தவர். வாடகைக் கார் ஓட்டியின் மகன். ஆறு பிள்ளைகளிலே கடைக்குட்டி. பதினாறு வயதிலே பள்ளியை விட்டார். கோமான்களுக்குக் கோட்டு தைப்பதற்கென்றே பேர் போன சாவில் ரோ என்ற தெருவிலே, ஆண்டர்சன் அண்டு ஷெப்பர்டு கடையிலே வேலை பழகச் சேர்ந்தார். கேன்வாஸ் வைத்து மார்பை நிமிர்த்துவதும், கையைத் தோளிலே பொருத்துவதும், தையல் தெரியாமல் தைப்பதும் அங்கே படித்த பாடம். இன்னொரு கடையிலே காற்சட்டை வெட்டப் பழகினார். நாடக உடை தைக்கும் கடையிலே பழங்கால உடைகளின் வெட்டு கற்றார். இத்தாலிக்குப் போய் மிலான் நகரிலேயும் உழைத்தார்.

பிறகு செயின்ட் மார்ட்டின்ஸ் என்ற புகழ்பெற்ற கலைக் கல்லூரியின் கதவைத் தட்டினார். மாணவனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சவா? இல்லை! "வெட்டுக் கலையை உங்கள் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன், வேலை தாருங்கள்" என்று கேட்கப் போனார்! அந்த வகுப்பின் தலைவியாக இருந்த பாபி ஹில்சன் அம்மையார், வேலை இல்லை, ஆனால் நீ மாணவனாக வா என்றார். முதல் பட்டம் பெறாத பையனுக்கு மேற்பட்ட வகுப்பிலே இடம்! கையைப் பார்த்து இடம் கொடுத்தார்; காகிதத்தைப் பார்த்து அல்ல. பணம்? உறவினரான ஓர் அம்மையார் கொடுத்தார்.

1992இல் படிப்பு முடிந்தது. மாணவர்கள் தங்கள் உடைகளை மேடையேற்றிக் காட்டுவார்கள். பத்திரிகைக்காரர்களும் வாங்குவோரும் வந்து உட்காருவார்கள். அங்கே உட்கார்ந்திருந்த இசபெல்லா புளோ என்ற சீமாட்டி, மெக்குவீன் காட்டிய அத்தனை உடைகளையும் 5,000 பவுனுக்குப் பேசி, தவணையிலே பணம் கொடுத்து வாங்கினார். நான்கே ஆண்டுகளில், 1996இல், பாரிசின் ஜிவான்ஷி மாளிகைக்கு அவர் தலைமை வடிவமைப்பாளர். 2010இல் மறைந்தார். மறு ஆண்டு நியூயார்க் அருங்காட்சியகத்திலே அவர் உடைகளைக் காண ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையிலே நின்றார்கள்.

கேட்கிறோம்: கல்லூரி அவருக்கு என்ன கொடுத்தது? கத்தரியைக் கொடுக்கவில்லை, அது முன்பே கையில் இருந்தது. சிந்திக்க இடம் கொடுத்தது; வாடிக்கையாளரின் அளவுக்கு அடங்காமல் தன் மனத்தின் அளவுக்கு வெட்டிப் பார்க்க அவகாசம் கொடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மேடையையும் கதவையும் கொடுத்தது. சாவில் ரோவின் பின்கட்டிலே இன்னும் இருபது ஆண்டு அவர் தைத்திருந்தாலும், புளோ சீமாட்டி அந்தப் பின்கட்டுக்கு வந்திருக்கப் போவதில்லை. கோட்டு முன்கதவு வழியாக வெளியே போகும். தைத்தவன் பின்கதவு வழியாக வீட்டுக்குப் போவான்.

ஆகவே கல்லூரியைப் பழிக்க நமக்கு விருப்பமில்லை. பெல்ஜியத்திலே ஆன்ட்வெர்ப் நகரத்துக் கலைக் கழகத்திலே 1963இல் ஆடைத் துறை தொடங்கினார்கள். அங்கே படித்த ஆறு இளைஞர்கள் 1986இல் தங்கள் உடைகளை வாடகை வண்டியிலே ஏற்றிக்கொண்டு இலண்டன் சந்தைக்குப் புறப்பட்டு, ஒரு சிறிய ஊரையே பேஷன் உலகின் வரைபடத்திலே ஏற்றினார்கள். தனியே கிடந்தால் ஆறு பேருக்கும் அந்தத் துணிவு வந்திருக்குமா என்பது ஐயம். தோழமையும் ஒரு பாடம்தான்.

நமக்குள்ள வழக்கு அந்தக் கதவின் விலையைப் பற்றியது. இங்கிலாந்திலே கல்லூரி மாணவர்க்கு உள்ளாட்சி மன்றங்கள் உதவிப் பணம் தரவேண்டும் என்று 1962இல் சட்டம் செய்தார்கள். உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் கலைக் கல்லூரிகளிலே கால் வைத்த காலம் அது. 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுன் கட்டணம் வந்தது. 2006இல் 3,000 ஆயிற்று. 2012இல் 9,000 வரை வாங்கலாம் என்றாயிற்று. எத்தனை உறவினர்களால் இதைத் தாங்க முடியும்?

கட்டிப் படித்து வெளியே வந்தாலும் தொல்லை தீர்ந்ததா? பெரிய கடைகளிலே 'அனுபவம்' பெறக் கூலியில்லாமல் உழை என்றார்கள். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இதற்கும் உண்டு என்று 2011இல் அந்நாட்டு வரித்துறையே பேஷன் கடைகளுக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டி வந்தது. மாதக் கணக்கிலே கூலியில்லாமல் இலண்டனிலே குடியிருக்க யாரால் முடியும்? மாடி வீட்டுப் பிள்ளையால் முடியும். பேருந்து ஓட்டியின் மகளால் முடியுமா? தகுதி, திறமை என்றெல்லாம் அழகாகப் பேசுகிறார்கள். வடிகட்டுவதென்னவோ வாடகைப் பணம்!

நாம் கேட்பது இதுதான். பட்டறையிலே கழித்த ஆண்டுகளைப் படித்த ஆண்டுகளாகக் கணக்கெடு. நுழைவுத் தேர்விலே படம் வரையச் சொல்கிறாயா, சொல். கூடவே ஒரு கை வெட்டச் சொல்லிப் பார். மெக்குவீனுக்கு ஓர் அம்மையாரின் மனத்தினாலே கிடைத்த இடம், மற்றவர்க்கு விதியினாலே கிடைக்கட்டும். கட்டணத்தைப் பார்த்துத் திரும்பிப் போகிறவனுக்குப் பணம் யார் தருவது என்று கேட்பீர்கள். உறவினரின் பணத்தில் படித்த அந்த மெக்குவீனே வழி காட்டினார். சாராபாண்டே என்ற பெயரிலே அறக்கட்டளை வைத்து, தாம் படித்த கல்லூரியின் மாணவர்களுக்கு உதவித்தொகை கிடைக்கச் செய்தார். ஒரு தையற்காரன் செய்ததை ஓர் அரசு செய்ய முடியாதா?

கல்லூரிகளும் பட்டறைக்குக் கடன்பட்டவைதாம். வியோனே 1939இல் கடையை மூடினார். 1952இல் தம் உடைகளில் 122ஐயும், மாதிரித் துணிகளையும், படத் தொகுப்புகளையும் பிரெஞ்சு நாட்டுக்கே கொடுத்துவிட்டார். அவை இன்று பாரிஸ் அலங்காரக் கலை அருங்காட்சியகத்திலே இருக்கின்றன. பெட்டி கிர்க் என்ற அமெரிக்க அம்மையார், வியோனே உடைகளை ஆண்டுக் கணக்கிலே அளந்து, வெட்டு முறைகளைக் கண்டுபிடித்துப் புத்தகமாக்கினார். 1998இல் அது ஆங்கிலத்திலே வந்தது. பன்னிரண்டு வயதோடு பள்ளி வாழ்வு முடிந்த ஒருத்தியின் வெட்டு எப்படி விழுகிறது என்று காண, கட்டணம் கட்டிச் சேர்ந்த மாணவர்கள் அந்தப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, துணியைக் கிராசிலே மடித்து, ஊசி குத்திப் பார்க்கிறார்கள்.