செவன்ஹில் திராட்சைத் தோட்டத்தில் ஒரு ஞாயிறு

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பர் நம் முன்னோர். நாங்களோ ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில், மறைந்த மைத்துனரின் மகன் இல்லத்தில், நாற்பது நாள் தங்கினோம். அது 2019-ஆம் ஆண்டின் தவக்காலம். மருமகன் அங்கே மருத்துவமனையொன்றில் செவிலியர். இரவுப் பணி முடிந்து வந்த களைப்பிலும், "மாமா, இன்று எங்கே போகலாம்?" என்று கேட்பான். கடற்கரையைக் காட்டினான், பேராலயத்தைக் காட்டினான். அந்நகரைச் சூழ்ந்துள்ள புகழ்பெற்ற திராட்சைத் தோட்டங்களை மட்டும் காட்டவில்லை.

காரணம் நாங்கள் அறிந்ததே. அவன் தந்தையைக் குடி கொண்டுபோயிற்று. அப்போது அவனுக்கு வயது பதினான்கு. அடக்கத்தன்று தாயின் கையைப் பற்றி, "ஒரு துளியும் தொடமாட்டேன்" என்று வாக்களித்தவன் அவன். தந்தையைப் பற்றி அதன்பின் அவன் பேசி நாங்கள் கேட்டதில்லை.

ஆயினும் கிளேர் பள்ளத்தாக்கிலுள்ள செவன்ஹில்லைக் காணும் ஆவல் எங்களுக்கு நெடுநாளாக இருந்தது. தயங்கியே கேட்டோம். சற்று நேரம் மௌனமாயிருந்தவன், "ஞாயிற்றுக்கிழமை போவோம் அத்தை, அங்கேயே பூசை காணலாம்" என்றான்.

அடிலெய்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் பயணம். அறுவடை முடிந்த கோதுமை வயல்கள், தைல மரங்கள், பின்னர் குன்றுகளின் சரிவில் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். பகல் வெயில் கனிக்கு இனிமை தர, இரவுக் குளிர் அதன் புளிப்பைக் காக்கிறது. ஆகவே ரீஸ்லிங் என்னும் வெள்ளைத் திராட்சைக்கு இப்பள்ளத்தாக்கு பெயர் பெற்றது.

சைலீசியா நாட்டிலிருந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பங்களுக்குத் துணையாக, ஆஸ்திரிய இயேசு சபைக் குரு அலோசியுஸ் கிரானவிட்டர் 1848-இல் தென் ஆஸ்திரேலியா வந்து சேர்ந்தார். 1851-இல் இங்கே நிலம் வாங்கி, உரோமையின் ஏழு குன்றுகளை நினைந்து ஊருக்குப் பெயரிட்டனர். திருப்பலிக்குத் தேவையான திராட்சை இரசத்திற்காகவே முதற்கொடிகள் நடப்பட்டன. திருப்பலி இரசம் திராட்சைக் கனியினின்று இயற்கையாய் உண்டானதாகவும் கெடாததாகவும் இருத்தல் வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். இங்கே குருக்களிடம் பயின்ற ஜூலியன் டெனிசன் வூட்ஸ் 1857-இல் குருவானார். ஆஸ்திரேலியாவின் முதற்புனிதையாக 2010-இல் உயர்த்தப்பட்ட மேரி மெக்கிலப்புடன் சேர்ந்து 1866-இல் சூசையப்பர் கன்னியர் சபையைத் தோற்றுவித்தவர் இவரே.

தோட்டத்தில் பணியாளர் ஒருவர் எங்கள் கையில் ஒரு கொத்துத் திராட்சையைத் தந்தார். நம் கம்பம் பன்னீர்த் திராட்சையினும் சிறிய கனிகள். விதையும் தோலும் மிகுதி. ஆனால் தேனென இனித்தன. மருமகன் ஒன்றை வாயிலிட்டு, "இவ்வளவுதானா மாமா?" என்றான். இரசத்தைச் சுவை பார்க்கும் கூடத்தில் பலர் ஒரு வாய் அருந்தி, அதையும் கலத்தில் துப்பக் கண்டு வியந்தான். நாங்கள் ஏதும் கேளாமல் வெளியே வந்துவிட்டோம்.

புனித ஞானப்பிரகாசியார் ஆலயம் அருகிலேயே உள்ளது. 1864-இல் தொடங்கிய கட்டட வேலை 1875-இல் நிறைவுற்றது. அதன் நிலவறையில் இயேசு சபைத் துறவிகள் துயில்கின்றனர். அங்கே மருமகன் நெடுநேரம் நின்றான். திருப்பலியில், அந்தக் கொடிகள் தந்த இரசத்தைக் குருவானவர் கிண்ணத்தில் வார்த்து, ஒரு துளி நீர் கலந்து ஒப்புக்கொடுத்தார். நன்மை வாங்குகையில் மக்களுக்குக் கிண்ணமும் வழங்கினர். மருமகன் அப்பத்தை மட்டும் பெற்று, கிண்ணத்தின் முன் தலைவணங்கிக் கடந்து சென்றான். அவன் அத்தையும் அவ்வாறே செய்தார். அப்ப வடிவில் மட்டுமே பெறுவோரும் கிறிஸ்துவை முழுமையாகப் பெறுகின்றனர் அன்றோ! தாய்க்குத் தந்த வாக்கும் நிலைத்தது, வழிபாடும் குறைவுபடவில்லை.

திரும்பும் வழியில் வெகுதூரம்வரை அவன் பேசவில்லை. பின்னர், "தேர்த் திருவிழாவுக்கு அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார், அத்தை. சப்பரம் தெரியவேண்டும் என்று குதிகாலை உயர்த்தியே நிற்பார். அப்போதெல்லாம் அவர் குடித்ததில்லை" என்றான். அவன் அத்தை கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். வீடு சேரும்வரை தந்தையின் பேச்சாகவே இருந்தது.

அயல்நாட்டில் வாழும் பிள்ளைகளிடம் செல்லும் பெற்றோரும் உற்றாரும் ஊர் பார்ப்பது நன்றே. அவர்கள் தனியே சுமக்கும் துயரையும் சிறிது கேட்டு வருவோமாக. குடியால் தந்தையை இழந்த பிள்ளைகள் நம் பங்குகளிலும் உள்ளனர். அவர்கள் முன் அத்தந்தையரின் நற்செயல் ஒன்றையேனும் நினைவுகூர்வது நம் கடமையாகும்.