எழுத்துக் கோப்பும் துவிதக் கோப்பும்

ஒருவர் ஆக்கி வெளியிட்ட கணினி விளையாட்டை ஆடுவோர் தம் விருப்பிற்கேற்ப மாற்றியமைத்தல் ‘மொடிங்’ எனப்படும். பகைவனின் வலிமை, படைக்கலத்தின் வேகம் முதலாய அளவுகளைத் தாங்கி நிற்கும் கோப்புகளே இம்மாற்றத்திற்கு வாயிலாகும். அவை எழுத்துக் கோப்பு, துவிதக் கோப்பு என இருவகைப்படும்.

எழுத்துக் கோப்பில் ‘உயிர்வலு = 60’ என்றாற்போலப் பெயரும் பெறுமானமும் கண்ணாற் கண்டு படிக்கத்தக்கனவாய் நிற்கும். துவிதக் கோப்பிலோ பெரும்பாலும் பெயர் இராது. குறித்த ஓரிடத்தில் எண் மட்டுமே இருக்கும். இன்டெல் வகைக் கணினிகளில் 60 என்பது 60, 0, 0, 0 என நான்கு பைற்றுகளாகவும், 600 என்பது 88, 2, 0, 0 எனவும் அமையும். இரண்டாம் பைற்றிலுள்ள 2 இருமுறை 256 ஐக் குறிக்கும். அதனோடு 88 கூட 600 ஆகும். பொறிக்கு இம்முறை எளிது. இடமறிந்து எடுத்தலே போதும். ஆயின் இடையில் ஒரு பைற்றுக் கூடினும் பின்னுள்ளவை யாவும் இடம்பெயர்ந்து பொருள் கெடும்.

1993 இல் அமெரிக்காவின் ஐடி சொஃப்ற்வெயார் நிறுவனம் வெளியிட்ட ‘டூம்’ என்னும் விளையாட்டு இதற்குத் தக்க சான்றாகும். அதன் படங்களும் ஒலிகளும் களங்களும் ‘வாட்’ என்னும் துவிதக் கோப்பில் தனியே வைக்கப்பட்டன. அக்கோப்பின் முதல் 12 பைற்றுகள் அட்டவணை இருக்குமிடத்தைக் கூறும்; அட்டவணையில் ஒவ்வொரு பொருளின் இடம், அளவு, பெயர் ஆகியவற்றை 16 பைற்றுப் பதிவொன்று கூறும். அவ்வமைப்பு அறியப்பட்டமையால் ஆடுவோர் புதுக் களங்கள் பலவற்றை ஆக்கினர்.

ஆனால் பகைவரின் வலிமை முதலியன செயல்நிரலின் உள்ளேயே துவிதமாய்ப் புதைந்திருந்தன. 1994 இல் தோன்றிய ‘டீஹாக்எட்’ என்னும் கருவி அந்நிரலினுட் புகுந்து உரிய இடத்து எண்ணை மாற்றியது. நிரலின் பதிப்பு மாறின் அவ்விடமும் மாறும். அக்கருவியின் பிந்திய பதிப்புகள், செய்த மாற்றங்களை எழுத்துக் கோப்பாக எழுதி வைத்தன. 1997 இல் டூமின் மூலநிரல் வெளியிடப்பட, அதனின்றும் புதிய நிரல்கள் பல பிறந்தன. பழைய இடங்கள் அவற்றில் இல்லை. ஆயினும், இன்ன பகைவனுக்கு இன்ன வலு எனக் கூறும் அவ்வெழுத்துக் கோப்புகளை அவற்றுட் பல இன்றும் படித்து ஏற்கின்றன. எந்நிரலைத் திருத்த அவை எழுந்தனவோ, அது பெரிதும் வழக்கிழந்த பின்னரும் அவை பயன்படுகின்றன.

ஆதலின் துவிதம் தீதென்பது கருத்தன்று. படம், ஒலி போன்ற பெருந்திரளுக்கு அதுவே ஏற்றது. அதன் அமைப்புப் பிறரும் அறிய விளக்கப்பட்டிருத்தல் வேண்டும். மனிதர் திருத்துதற்குரிய அளவுகளோ பெயரோடு எழுத்தில் நிற்றலே தகும். அவ்வாறு நிற்பின், ஆக்கியோரை அறியாத ஒருவரும் பிற்காலத்தில் அவற்றைப் படித்துணர்ந்து தொடர்ந்து பணிசெய்ய இயலும்.