நிஜ மலைவாழைப்பழம் எது? 40 ஆயிரம் ஏக்கரை விழுங்கிய குட்டிப் பூச்சி!

பழக்கடையில் போய், "மலைப்பழம் இருக்காய்யா?" என்று கேட்டால், இல்லை என்று சொல்லும் கடைக்காரர் குறைவு. ஒரு சீப்பை எடுத்து நீட்டி விடுவார். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்று பார்த்தால்தான், "அடடா, ஏமாந்துட்டோமே!" என்று தெரியும்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. நிஜ மலைப்பழம் ஒரு காலத்தில் கிடைத்த மாதிரி இப்போது கிடைப்பது இல்லை. அதற்குக் காரணம், கடுகு அளவே உள்ள ஒரு பூச்சி!

குளிரில் விளையும் வாழை

வாழைக்குக் குளிர் ஆகாது. உறைபனி விழுந்தால் இலை கருகிப் போகும். ஆனால் குளுகுளு மலையில்தான் ருசி ஏறுவேன் என்று அடம் பிடிக்கும் வாழை இரண்டு உண்டு. ஒன்று விருப்பாட்சி. மற்றொன்று சிறுமலை.

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் விருப்பாச்சி என்று ஒரு ஊரே இருக்கிறது. சிறுமலை, திண்டுக்கல்லுக்குப் பக்கத்து மலை. அங்கே ரோடு இல்லாத தோட்டங்களில் குதிரை முதுகில்தான் வாழைத்தார் வரும்.

கடல் மட்டத்துக்கு மேல் 2 ஆயிரம் அடி முதல் 5 ஆயிரம் அடி வரை உள்ள சரிவுகளே இதற்கு ஏற்ற இடம். கொடைக்கானல் நகரம் 7 ஆயிரம் அடி. அங்கே குளிர் அதிகம். அதற்குக் கீழே உள்ள தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம்தான் மலைவாழைக்குச் சொந்த வீடு.

காபிச் செடிக்கு நடுவில், 12 அடிக்கு ஒன்றாக நடுவார்கள். ஏக்கருக்குச் சுமார் 300 வாழைதான். மழைத் தண்ணீரே பாசனம். குளிரில் வளர்ச்சி மெதுவாக இருப்பதால், தார் வெட்ட சமவெளி வாழையைவிடக் கூடுதல் மாதம் ஆகும். ஆனால் ஒருமுறை நட்டால், பக்கக்கன்று கிளம்பிப் பல வருஷம் பலன் தரும்.

பார்த்து வாங்குங்க!

நிஜ மலைப்பழத்தின் அடையாளம் இதுதான்:

பழம் லேசாக வளைந்து இருக்கும். நுனி சீசாக் கழுத்து மாதிரி குறுகும். பட்டை பட்டையாக விளிம்பு தெரியும். தோல் தடிமன். வெளிர் மஞ்சளாகப் பழுக்கும்.

தோல் வாடினாலும் பயப்பட வேண்டாம். உள்ளே பழம் கெட்டிருக்காது. சதையில் தண்ணீர்ச் சத்துக் குறைவு. அதனால் கொழகொழ என்று இருக்காது, கெட்டியாக இருக்கும். இனிப்போடு லேசான புளிப்பும் நாக்கில் தட்டும். வாசனை தூக்கும்.

பழனி பஞ்சாமிர்தத்துக்கு இந்தப் பழத்தைத் தேடுவதும் இதனால்தான். தண்ணீர் விடாத பழம் என்பதால் பஞ்சாமிர்தம் சீக்கிரம் கெடாது. விருப்பாட்சி, சிறுமலை இரண்டு பழத்துக்கும் 2008-09-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் கிடைத்தது.

வந்தது முடிக்கொத்து

1970-களில் சுமார் 18 ஆயிரம் ஹெக்டேரில், அதாவது 44 ஆயிரம் ஏக்கரில் மலைவாழை இருந்தது. அது பிறகு 2 ஆயிரம் ஹெக்டேராகச் சுருங்கியது. முக்கியக் காரணம் 'முடிக்கொத்து' நோய்.

இது ஒரு வைரஸ். அசுவினி என்னும் சிறு பூச்சி, நோய் கண்ட வாழையில் சாறு உறிஞ்சிவிட்டு அடுத்த வாழைக்குத் தாவும். கூடவே வைரஸும் போகும். அசுவினி விடும் இனிப்பு நீருக்கு ஆசைப்பட்டு, எறும்பு அதற்குக் காவல் நிற்கும்!

நோய் தாக்கினால் புது இலை குறுகி, விறைப்பாக நிமிர்ந்து, உச்சியில் கொத்தாகக் கூடிவிடும். இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடும் புள்ளியும் தெரியும். இளசில் வந்தால் தாரே தள்ளாது. மருந்து கிடையாது. ஆனால் பழத்தைத் தின்னும் மனிதருக்கு இதனால் கெடுதல் இல்லை.

கன்றுதான் எமன்

பூச்சி கொஞ்ச தூரம்தான் பறக்கும். நோயை மலை விட்டு மலை கொண்டுபோவது கன்று. தாய் வாழைக்கு நோய் இருந்தால் கன்றுக்கும் இருக்கும். வெளியே தெரியாது. சொந்தக்காரர் கொடுத்தார் என்று நாலு கன்றை வாங்கி நட்டவர், தோட்டத்துக்குள் தானே நோயைக் கூட்டி வந்தவர் ஆகிறார்!

வழி இருக்கிறது. திசு வளர்ப்பு முறையில் கன்று உண்டாக்கி, வைரஸ் இல்லை என்று சோதித்துக் கொடுக்கும் வேலையில் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும், திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் ஈடுபட்டன. அந்தக் கன்றுகளால் மலைவாழை மறுபடி தலை தூக்கியது.

ஆனால் சுத்தமான கன்றை நட்டாலும், பக்கத்துத் தோட்டத்தில் ஒரு நோய் வாழை நின்றால் போதும். திரும்பவும் வந்துவிடும். நோய் வாழையைக் கண்டால் முதலில் மருந்து அடித்து அசுவினியைக் கொல்ல வேண்டும். பிறகு கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். மருந்து அடிக்காமல் வெட்டினால், பூச்சி அடுத்த வாழைக்கு இடம் மாறிவிடும்.

ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கொடைக்கானல் போய் வரும்போது, ஆசையாக ஒரு மலைவாழைக் கன்றைப் பையில் போட்டு எடுத்து வராதீர்கள். வீட்டுக் கொல்லையில் வாழை வளரலாம். மலையின் ருசி வராது. நோய் வேண்டுமானால் வரும்! மலைப்பழத்தைச் சீப்பாக வாங்குங்கள். கன்றாக வாங்க வேண்டாம்.