குழாய்க்குள் எட்டிப் பாருங்கள்!

"இனிமே சைக்கிளும் வேணாம், ஒண்ணும் வேணாம். துடைச்சு மாடியில ஏத்திடு!"

என் கணவர் இப்படிச் சொன்னபோது பெரியவள் கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள். முதல் நாள் இரவிலிருந்து வாந்தியும் வயிற்றுப்போக்கும். "வயசுப் பொண்ணு வெயில்ல அவ்ளோ தூரம் மிதிச்சா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று மாமியார் வேறு. நான் வாயைத் திறக்கவில்லை. உப்புச் சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு லாஸ்பேட்டையில். மகளுக்குப் பதினேழு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் விடியுமுன்பே தோழிகளோடு கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டைத் தாண்டி மரக்காணம் உப்பளம் வரை சைக்கிளில் போய்த் திரும்புவாள். போக வர 60 கிலோமீட்டருக்குக் குறையாது.

நான் பிறந்தது புதுக்கோட்டைச் சீமையில். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்ததோடு பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கினார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான பெண்கள் தைரியமாகச் சைக்கிள் ஏறினார்கள். அவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் ஓட்டிப் போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பாட்டி மிதித்த பெடலைப் பேத்தி நிறுத்துவதா? மனசு கேட்கவில்லை.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, "சைக்கிள் ஓட்டினா வயித்தால போகாதும்மா. வழியில என்ன சாப்பிட்டா, என்ன குடிச்சா?" என்று கேட்டார். வெளியில் எதுவும் சாப்பிடவில்லை. முதுகுப் பையிலிருந்த வீட்டுத் தண்ணீர்தான். அப்போதுதான் மகள் மெதுவாகச் சொன்னாள்: "தண்ணி ஒரு மாதிரி இருந்துச்சும்மா. ரப்பர் வாசனையா இருக்கும்னு நெனச்சேன்."

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பையின் குழாயைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே எள்ளைத் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள்! எனக்குப் பகீரென்றது. ஏனென்றால், அந்தப் பையைக் கழுவி வைத்தவளே நான்தான்.

அது என்ன பை என்கிறீர்களா? 'ஹைட்ரேஷன் பிளாடர்' என்கிறார்கள். என் தம்பி சென்னையிலிருந்து வாங்கி வந்தது. இரண்டு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பை. அதிலிருந்து தோள் வழியாக வரும் நீண்ட குழாய். நுனியில் கடித்து உறிஞ்சுகிற சிலிகான் முனை. ஹாண்டில்பாரிலிருந்து கையை எடுக்காமலே நினைத்தபோது குடிக்கலாம். இது பிறந்த கதையும் வேடிக்கைதான். 1980-களின் இறுதியில் அமெரிக்காவின் டெக்ஸாஸில், கடும் வெயிலில் நடக்கும் நூறு மைல் சைக்கிள் பந்தயத்துக்காக மைக்கேல் எய்ட்சன் என்பவர், ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றும் பையில் தண்ணீர் நிரப்பி, காலுறைக்குள் போட்டு முதுகில் குத்திக்கொண்டாராம். குழாயை அடைக்கத் துணி காயப்போடும் கிளிப்!

நான் செய்த தவறு இதுதான். அதற்கு இரண்டு வாரம் முன்பு அவள் சர்க்கரை கலந்த எலக்ட்ரோலைட் பவுடரை அந்தப் பையில் கரைத்து எடுத்துப் போயிருந்தாள். நான் பையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகுமுன் அழகாகச் சுருட்டி அலமாரியில் பூட்டி வைத்தேன். குழாயைத் தொடவே இல்லை. குடத்தின் உள்பக்கம் விரலால் தடவினால் வழுவழு என்றிருக்குமே, அந்த வழுவழுப்பே கிருமிகள் கட்டும் வீடுதான். இனிப்பும், ஈரமும், உறிஞ்சும்போது திரும்பி உள்ளே போகும் எச்சிலும் சேர்ந்தால் கேட்கவேண்டுமா? "இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இதக் குடிச்ச பிறகு வேற காரணம் தேட வேணாம்" என்றார் டாக்டர், குழாயைப் பார்த்துவிட்டு.

கைக்குழந்தைக்காரிகளுக்கு நான் சொல்லவே வேண்டாம். பால் புட்டியைக் கழுவுகிற ஜாக்கிரதைதான் இதற்கும். நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன்:

திரும்பி வந்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். "நாளைக்குக் கழுவலாம்" என்பதே கூடாது.

பையில் கை பொறுக்கும் வெந்நீர் விட்டு, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டுச் சேர்த்துக் குலுக்குங்கள். பிறகு பையை உயரத் தூக்கிப் பிடித்து, முனையை விரலால் அழுத்தினால் சோப்புத் தண்ணீர் குழாய் வழியே ஓடும். கொதிக்கும் நீர் வேண்டாம், பிளாஸ்டிக் நெளிந்துவிடும்.

குழாய்க்கென்றே நீண்ட மெல்லிய பிரஷ் விற்கிறார்கள். கிடைக்காவிட்டால், மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடையில் குழாய் பிரஷ் கேளுங்கள். கடிக்கும் முனையைத் தனியே கழற்றி, பால் புட்டி நிப்பிள் பிரஷ்ஷால் தேய்க்கவும்.

வாடை இருந்தால், பை நிறைய வெதுவெதுப்பான நீரில் இரண்டு டேபிள் ஸ்பூன் ஆப்ப சோடா கரைத்து, குழாயிலும் நிரப்பி, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். எலுமிச்சைச் சாறு வேண்டுமானால் இன்னொரு நாள். இரண்டையும் சேர்த்தால் ஒன்றையொன்று முறித்துவிடும். பிளீச்சிங் திரவத்தோடு எலுமிச்சையோ வினிகரோ கலக்கவே கூடாது, விஷ வாயு வரும்!

கடைசியில் நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, வாயைத் திறந்து தலைகீழாகத் தொங்கவிடுங்கள். பக்கங்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே ஒரு சுத்தமான கரண்டியைச் செருகலாம். குழாயைத் தனியே தொங்கவிடவும். நம் கடற்கரை ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். உலர இரண்டு நாள்கூட ஆகும். ஃபேன் காற்றும் நிழலும் போதும், உச்சி வெயில் வேண்டாம்.

காயவைக்க நேரமில்லையா? தண்ணீரை வடித்துவிட்டு ஃப்ரீஸரில் வைத்துவிடலாம். கிருமி சாகாது, ஆனால் பெருகாது. எடுத்ததும் மறுபடி கழுவித்தான் நிரப்ப வேண்டும்.

பையில் இனி வெறும் தண்ணீர் மட்டும்தான். உப்புச் சர்க்கரைக் கரைசல் தனி பாட்டிலில். கறை போகாத குழாயை யோசிக்காமல் தூக்கி எறியுங்கள். மாற்றுக் குழாய் தனியாகவே கிடைக்கிறது.

"எங்க வீட்ல யாரும் சைக்கிள் ஓட்டலையே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் பிள்ளை பள்ளிக்கு எடுத்துப்போகும் வாட்டர் பாட்டிலின் உறிஞ்சு குழலையும், மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தையும் இன்று இரவு கழற்றிப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்!

அன்று சாயங்காலம் குழாயைக் கொண்டுபோய்க் கணவர் முன் நீட்டினேன். "சைக்கிள் மேல தப்பில்லைங்க. கழுவி வெச்ச என் மேலதான் தப்பு." அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாமியாரும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "அடிப்பாவி!" என்றார், என்னைச் சொன்னாரா குழாயைச் சொன்னாரா தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து மகள் மறுபடி மரக்காணம் புறப்பட்டாள். சக்கரத்துக்குக் காற்றடித்துக் கொடுத்தவர் அவளுடைய அப்பா. திரும்பி வந்ததும் பையைக் கழுவித் துணிக்கொடியில் தொங்கவிட்டவள், என் மகளேதான். "குழாய்?" என்றேன்.

"கழட்டியாச்சும்மா" என்றாள்.